பொட்டு வைத்த தட்டு

எங்கள் சித்தப்பா விரல் ரேகைக்குப் பயப்படுகிற மனிதர். அருப்புக்கோட்டை பஜாரில் கேசட் கடை வைத்திருந்தவர், தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கம்ப்யூட்டரும் சிடி எழுதும் கருவியும் வாங்கிப் போட்டதிலிருந்து ஆளே மாறிப்போனார். யார் உள்ளே வந்தாலும் முதலில் கையைத்தான் பார்ப்பார். வடை தின்ற கை என்றால் வாசலோடு சரி.

அந்த வருஷம் அம்மாவின் பாட்டைச் சிடியாகப் போடுவது என்று முடிவாயிற்று. திருச்சுழிப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் பொங்கலுக்குப் பொங்கல் அம்மாதான் பாடுவாள். பக்கத்து விசைத்தறிகள் ஓடாத நாளாகப் பார்த்து, கடையின் பின்னறையில் பதிவு நடந்தது. பின்பாட்டு நான். அம்மா குலவையிட்டதும் ஒலியளவு காட்டும் மீட்டர் சிவப்பில் போய் முட்டியது.

"மதினி, குலவைக்கு மட்டும் மூஞ்சிய அங்கிட்டுத் திருப்பிக்கோங்க" என்று சித்தப்பா கெஞ்சினார். சாமியையே திரும்பச் சொன்ன மாதிரி முறைத்துவிட்டு அம்மா திரும்பிக்கொண்டாள்.

பாட்டுகளை வரிசைப்படுத்தி, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே மூச்சுவிடும் அளவு அமைதி விட்டு, ஒரு தட்டில் எழுதினார். அதுதான் மாஸ்டர். சென்னை ஃபேக்டரியில் அதை வைத்துத்தான் மற்ற சிடிக்களை அச்சடிப்பார்கள். துளி கறை இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்புறம் கோயில் பொங்கலுக்குச் சிடி வராது. முழுவதையும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, விளிம்பைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

அப்போதுதான் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். எங்கள் வீட்டில் பொட்டு வைக்காமல் எந்தப் புதுப் பொருளும் வாசல் தாண்டியதில்லை. கம்ப்யூட்டர் நெற்றியிலும் ஒன்று இருந்தது.

"சிடிப் பெட்டி மேல வைங்க மதினி. தட்டுல வேணாம்."

"பாட்டு பெட்டியிலயா இருக்கு தம்பி? சாமி பாட்டு. பொட்டு வைக்காம நான் அனுப்பமாட்டேன்."

சித்தப்பா சென்னைக்குக் கிளம்ப மதுரை பஸ்ஸுக்கு வேறு நேரமாகிக்கொண்டிருந்தது. வடை தின்ற கைக்கே எகிறுகிறவர் இப்போது என்ன ஆட்டம் ஆடப்போகிறாரோ! சித்தப்பா எழுதாத சிடிக்கள் இருந்த அடுக்கை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "நீங்களே வைங்க" என்று தட்டை நீட்டினார். அம்மா அதன் பளபளப்பான பக்கத்தில் சந்தனம் தீற்றி, மேலே குங்குமம் வைத்து, கண்ணில் ஒற்றிக் கொடுத்தாள்.

"இந்தா வாரேன்" என்று சித்தப்பா பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே கருவி உறுமியது. அந்த பஸ் போய்விட்டது.

"உங்க சித்தப்பா இன்னும் உள்ள என்னதான் பண்றாக?" என்று அம்மா சலித்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து, தோள்பையை மார்போடு அணைத்தபடி வந்தார். பொட்டு வைத்த தட்டை அதன் பெட்டியோடு என்னிடம் கொடுத்தார். இரண்டு கையாலும் அதை ஏந்திக்கொண்டு பஜார் முழுக்க நடந்தேன். "என்னத்தா கையில?" என்றவர்களிடமெல்லாம், "எங்க அம்மா பாட்டு, மெட்ராசுக்குப் போகுது" என்றேன். தோள்பையையும் நானே சுமக்கிறேன் என்று கேட்டதற்கு, அதை மட்டும் தரவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஜன்னல் வழியாகப் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

கோயில் பொங்கலன்று ஒலிபெருக்கியில் அம்மா பாடினாள். அம்மாவோ கீழே அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தாள். சிடியில் குலவை வந்ததும் கூடியிருந்த பெண்கள் அத்தனை பேரும் பதிலுக்குக் குலவையிட்டார்கள். எனக்குக் கர்வம் தாங்கவில்லை.

அச்சாகி வந்த சிடியைத் திருப்பிப் பார்த்தேன். பொட்டைக் காணோம். சித்தப்பாவிடம் கேட்டதற்கு, "எல்லாத் தட்டுலயும் உள்ள எறங்கிருச்சுத்தா" என்றார். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் வானவில் நிறங்களுக்கு நடுவே ஒரு சிவப்பு ஓடியது. அது அம்மா வைத்த குங்குமம்தான் என்று பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டு ஜெயித்தேன்.

பொட்டு வைத்த தட்டு இன்றும் சித்தப்பா கடையில் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. அவ்வளவு பெருமையோடு ஊரெல்லாம் காட்டி நடந்த எனக்கு, தோள்பையை மட்டும் ஏன் தர மறுத்தார் என்று யோசிக்கத் தெரியவில்லை. ஃபேக்டரிக்குப் போன, பொட்டில்லாத இன்னொரு தட்டு அந்தப் பைக்குள் இருந்ததை அம்மாவிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை.