கையெழுத்துக் கிட்டாரும் கல்யாணப் பட்டும்

எங்கள் சித்தியின் கல்யாணப் பட்டை, சித்தியைவிட அதிக நாள் உடுத்தியிருந்தது ஒரு எலக்ட்ரிக் கிட்டார்.

ஆசிரமத்துக்கு வந்து, எங்கள் செங்கம் சாலை வீட்டு மாடியறையில் குடியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனது அது. தலைப்பக்கத்தில் அவர் நாட்டுப் பெரிய கிட்டார்க் கலைஞர் ஒருவரின் கையெழுத்து இருக்கும். அந்த மகராசன் தன் கையாலேயே போட்டது என்று சித்தப்பா நம்பினார். விரல் வியர்வை பட்டால் அழிந்துவிடுமாம். அதனால் பட்டில் சுற்றிப் பீரோ மேல் ஏற்றிவிட்டு, கல்யாணக் கச்சேரிகளுக்குப் பழைய கிட்டாரையே தூக்கிப் போவார். பாட்டுக்கு நடுவே கிட்டார் தனித்து வரும் ஓர் இடத்தில் தவறாமல் சறுக்குவார். சறுக்கியதும் கிட்டாரை ஒரு முறை முறைப்பார். இந்தக் கட்டையில் இவ்வளவுதான் வரும் என்பார் வீட்டுக்கு வந்து.

கச்சேரிக் குழுக்காரர்கள் சித்தப்பாவுக்குப் பதில் வேறு ஆள் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் சித்திக்குப் பொறுமை போய்விட்டது. வாயைத் திறந்தாலே பழமொழிதான் அவளுக்கு.

"கையில வெண்ணெய வெச்சிக்கினு நெய்க்கு அலையறீங்களே. அத எடுத்து வாசிங்க, இல்ல எம் புடவையாவது குடுங்க."

"கையெழுத்து அழிஞ்சா நீயா திருப்பிப் போடுவ?"

சரஸ்வதி பூஜையன்று கிட்டாரும் படத்தின் முன்னால் ஏறியது. கையெழுத்துப் பக்கம் சந்தனம் வைக்கக் கூடாது என்று சித்தப்பா காவலுக்கே உட்கார்ந்துவிட்டார். சுண்டல் வாங்க இறங்கி வந்த புதுக் குடித்தனக்கார வெள்ளைக்காரர்தான் அதைப் பார்த்துச் சிரித்தார். அது கம்பெனியில் அச்சடிப்பது, இந்த வகைக் கிட்டார் எல்லாவற்றிலும் இருக்கும், அழியாது என்றார். அந்தக் கலைஞர் தன் கைக்குத் தோதாகச் சொல்லிச் செய்ய வைத்த வகை, வாசிப்பதற்கென்றே செய்தது என்றார்.

சித்திக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமியில் எடுத்துத் தொழில் செய்தே ஆக வேண்டும் அல்லவா? காலையில் சித்தப்பாவால் தப்ப முடியவில்லை. அதே பாட்டை எடுத்தார். நாதம் தேனாகத்தான் வந்தது. அந்த இடமும் வந்தது. சறுக்கினார். திரும்ப வாசித்தார். திரும்பவும் சறுக்கினார்.

இந்த முறை கிட்டாரை முறைக்கவில்லை. தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழி எனக்கே நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சித்தி சொல்லட்டும் என்று அவள் வாயையே பார்த்திருந்தேன். அவள் சொல்லவில்லை.

"ஈரக் காத்துங்க. கம்பி சுருதி எறங்கியிருக்கும்" என்றாள்.

பிறகு அவளே அந்தப் பட்டை விரித்து, கிட்டாரைச் சுற்றி, பீரோ மேல் வைத்தாள். அதற்கப்புறம் புடவையைத் திருப்பிக் கேட்கவே இல்லை. அத்தனை நாள் சண்டை போட்டவளுக்கு அந்தக் கிட்டார் மேல் திடீரென்று ஆசை வந்துவிட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.