செப்புத் தகடும் மூன்றாவது கம்பியும்

மாடத்தி எந்த வாசலிலும் எதையாவது தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள். அது பட்டாசுக் கம்பெனி பழக்கம். மருந்து கலக்கும் அறைக்கு வெளியே சுவரில் ஒரு செப்புத் தகடு அடித்திருப்பார்கள். அதிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் இறங்கும். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம், தகட்டைத் தொட்டால் மண்ணுக்குப் போய்விடும். தொடாமல் போனால் ஒரு பொறி போதும்.

வருஷக்கணக்காகத் தொட்ட கை வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. அடுப்புப் பற்றவைக்குமுன் தண்ணீர்க் குழாயைத் தொடுவாள். பெங்களூருக்கு மகள் மாரிசெல்வி வீட்டுக்குப் போனபோது லிப்டின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுவிட்டு ஏறினாள். கூட ஏறிய பெரியவர் ஒருவர், அங்கே ஏதோ சாமி இருக்கிறது என்று நினைத்து, தானும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மல்லாங்கிணறு பக்கம் களை வெட்டப் போய்க்கொண்டிருந்தவள். மழை ஏமாற்றிய ஒரு வருஷத்தில் கம்பெனி வேனில் ஏறினாள். பிறகு இறங்கவே இல்லை. அலுமினியத் தூள் நகக்கண்ணில் ஏறி, கை எப்போதும் வெள்ளிபோல மினுங்கும். புருஷன் சங்கிலிமுத்துக்கு இளைப்பு வந்து லோடு ஏற்றும் வேலையை விட்டபின், அந்தக் கைதான் வீட்டை ஓட்டியது, மகளை என்ஜினியரிங் படிக்கவைத்தது. முதல் சம்பளத்தில் மகள் பளபளவென்று ஒரு நைலக்ஸ் சேலை எடுத்து வந்தாள். மாடத்தி அதைத் தடவிப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் வைத்தாள். "இதக் கட்டிக்கிட்டுக் கம்பெனிக்குப் போனா, நானே ஒரு வெடிதான்" என்றாள். அங்கே பருத்தி மட்டும்தான் கட்டலாம்.

புரட்டாசியில், தீபாவளி சீசன் மும்முரத்தில், அந்த அறை தரைமட்டமானது. உள்ளே மாடத்தி மட்டும் இருந்தாள்.

விசாரிக்க வந்தவர்களிடம் போர்மேன் வேலுச்சாமி ஒன்றே ஒன்று சொன்னார்: அந்தம்மா தகட்டைத் தொடாமல் போய்விட்டார்கள். அதுவே ஊருக்குள்ளும் வந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டே அதைத்தான் பேசினார்கள். பாவம், அவசரத்தில் மறந்திருப்பாள் என்றார்கள். மாரிசெல்வி எதையும் தாங்கிக்கொண்டாள். அதை மட்டும் முடியவில்லை. குழாயைத் தொடாமல் அடுப்பைப் பற்றவைக்காதவள் மறப்பாளா?

அறை வாசலைப் பார்த்தபடி ஒரு கேமரா இருந்தது. அதன் பதிவுகள் ஆபீசில் ஒரு பழைய கம்ப்யூட்டருக்குள் போகும். விபத்தன்று கரண்டை நிறுத்தியபின் அது எழும்பவில்லை. அதிகாரிகள் போட்டுப் பார்த்துவிட்டு, கெட்டுப்போனது என்று விட்டுவிட்டார்கள். பழைய இரும்போடு ஆக்கர் கடைக்குப் போக இருந்ததைச் சங்கிலிமுத்து கேட்டு வாங்கி வந்தார். சூலக்கரை கலெக்டர் ஆபீசில் அடுத்த விசாரணை இருந்தது.

பாதி வழியில் நின்றுபோகும் கம்ப்யூட்டர்கள் ஏன் நின்றன என்று கண்டுபிடிப்பதுதான் மாரிசெல்வியின் வேலை. கம்ப்யூட்டரின் அடியில் ஓடும் நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். அது நின்றால் திரையும் பேசாது, கீபோர்டும் கேட்காது. பக்கத்தில் இன்னொரு கம்ப்யூட்டரை வைத்து, இரண்டையும் சீரியல் கம்பியால் இணைத்து, வெளியிலிருந்துதான் உள்ளே பார்க்க வேண்டும். டிஸ்க்கைக் கழற்றிப் படித்துப் பார்த்துவிட்டாள். பதிவுகள் இருந்தன. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியில் செருகியிருந்த கேமரா கார்டு ஓடாமல் அவை திறக்காது, தேதிகூடத் தெரியாது. பெட்டியை எழுப்பியே ஆகவேண்டும்.

கூடத்தில் பெட்டியை வைத்து, பக்கத்தில் லேப்டாப்பை வைத்தாள். கம்பியைத் தானே ஈயம் வைத்துப் பற்றவைத்தாள். இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்க வேண்டும், அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம். குறுக்காக இரண்டு கம்பி. பெட்டியைப் போட்டாள். லேப்டாப்பில் ஒன்றும் வரவில்லை.

போர்ட் எண்ணைப் பார்த்தாள். சரி. கம்பிகளை மாற்றிப் பார்த்தாள். குப்பையாக எழுத்துகள் வந்தன. இரண்டு பக்கமும் ஒரே வேகம்தானா என்று பார்த்தாள். ஒரே வேகம். வேகத்தைக் குறைத்தாள். வேறு குப்பை வந்தது. லேப்டாப் பக்கத்து முனைகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, தட்டியதெல்லாம் திரும்பி வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. தன் பக்கம் பழுதில்லை. அப்படியானால் பெட்டியின் போர்ட்டே செத்துவிட்டது. அதோடு எல்லாம் முடிந்தது.

காப்பி கொண்டுவந்த சங்கிலிமுத்து பெட்டியை நகர்த்தப் போய்க் கையை உதறினார்.

"பெட்டி கடிக்குது பாப்பா. என்னன்னு பாரு."

அவள் புறங்கையை வைத்தாள். விறுவிறுவென்று ஓடியது. சுவரில் இருந்த பிளக்கின் மூடியைக் கழற்றிப் பார்த்தாள். மூன்று ஓட்டை இருந்தது. மேல் ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இல்லை. வீட்டுக்கே எர்த் கிடையாது.

பெங்களூர் ஆபீசில் எல்லா மேசைக்கும் எர்த் உண்டு. அங்கே இரண்டு கம்பி போட்டாலே இரண்டு கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும், மண் பொதுவாக இருப்பதால். மூன்றாவது கம்பியை விட்டுவிடுவது அவளுக்குப் பழகிவிட்டது. இங்கே பெட்டி அந்தரத்தில் நின்றது, பாட்டரியில் ஓடிய லேப்டாப்பும் அந்தரத்தில் நின்றது. எது ஒன்று, எது பூஜ்யம் என்று இரண்டுக்கும் பொதுவாக அளக்க ஒன்றுமில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரண்டு பக்கமும் மண்ணுக்கென்று உள்ள ஐந்தாவது பின்னை மூன்றாவது கம்பியால் சேர்த்தாள். ஈயம் இரண்டுமுறை வழிந்தது. திரும்பப் போட்டதும் லேப்டாப்பில் வரி வரியாக இறங்கியது, ஒரு எழுத்துப் பிசகாமல்.

பிறகு வேலை சுலபம். கேமரா கார்டில் ஒரு சில்லு பழுது. அதன் பதிலுக்காகக் கெர்னல் ஒரே இடத்தில் காத்துச் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து நிறுத்தி, பதில் வந்துவிட்டதாக அதை நம்பவைத்து, மேலே போகவிட்டாள். பெட்டி எழுந்தது. பதிவுகள் தேதி வாரியாக வந்தன.

கடைசித் தேதி ஆவணியில் இருந்தது.

மாரிசெல்வி திரும்பத் திரும்ப மேலும் கீழும் ஓட்டினாள். புரட்டாசி இல்லை. பெட்டி விபத்தில் நிற்கவில்லை, ஆவணியிலேயே நின்றுவிட்டது. அன்றிலிருந்து ஆபீஸ் திரையில் ஒரே படம் உறைந்து நின்றிருக்கிறது. சாத்திய கதவின் படம். சாத்திய கதவு அசையாது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"அன்னைக்கு உள்ளது இருக்கா?" என்றார் சங்கிலிமுத்து.

"இல்லப்பா."

இருந்ததை ஓட்டினாள். ஆடி மாதம். மாடத்தி வருகிறாள், வலது கையால் தகட்டைத் தொடுகிறாள், போகிறாள். மறுபடி வருகிறாள், தொடுகிறாள். மாரிசெல்விக்கு மூச்சு வந்தது. ஆவணி. சீசன் சூடு பிடிக்கிறது. ஆடியில் வாளி தூக்கிக் கொடுத்த பாண்டிலட்சுமியைக் காணோம், வேறு வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். மாடத்தியே இரண்டு கையிலும் வாளியோடு வருகிறாள். முழங்கையால் தகட்டை ஒற்றுகிறாள். அடுத்த நடையில் பின்னால் வேலுச்சாமி கையை வீசி விரட்டுகிறார். முழங்கை தகட்டை எட்டவில்லை. மாடத்தி ஒரு நொடி நிற்கிறாள். பிறகு தொடாமலே உள்ளே போகிறாள். அடுத்த நடை, தொடவில்லை. அதற்கு அடுத்ததில் நிற்கக்கூட இல்லை.

மாரிசெல்வி படத்தை நிறுத்தினாள்.

"இதச் சூலக்கரைக்குக் கொண்டு போகணுமா?" என்றார் சங்கிலிமுத்து.

"கொண்டு போனா, தொடாமப் போறதத்தான் பார்ப்பாகப்பா."

"கொண்டு போகலன்னா?"

"தொடலன்னு சொன்னது அப்படியே நிக்கும்."

அவர் இளைப்பை அடக்கிக்கொண்டு யோசித்தார். "ரெண்டு கையிலயும் வாளியக் குடுத்தவன் யாருன்னு கேக்க மாட்டாகளா?"

"அன்னைக்கும் குடுத்தாகளான்னு கேப்பாக. அன்னைக்கு உள்ளது நம்மகிட்ட இல்ல."

அவர் தலையாட்டினார். அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு திரைக்கு அருகே வந்து உட்கார்ந்தார்.

"மெலிஞ்சு போயிருக்கா. நான் கவனிக்கல பாரு" என்றார். "வாசலுக்கு வரும் முன்னால நடந்து வாராளே, அதப் போடு. வாசல் வந்ததும் நிறுத்திரு."

மாரிசெல்வி போட்டாள். மாடத்தி இரண்டு வாளியோடு வெயிலில் நடந்து வந்தாள். வாசல் வந்ததும் மகள் நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து போட்டாள்.