வெடிக் குழாயில் என் முகம்

வெள்ளைக்காரன் காலத்தில் வழிப்போக்கர்களைத் துண்டால் கழுத்தை நெரித்துக் கொன்ற ஒருவனைப் பற்றிச் சென்னையிலிருந்து வந்தவர்கள் ஆவணப்படம் எடுத்தார்கள். வறண்டு கிடந்த ஆனைக்குட்டம் அணைக்குள் படப்பிடிப்பு. கரையில் பசியோடு உட்கார்ந்திருந்த என்னைக் கொலைகாரனாக நிற்கச் சொன்னார்கள். மேக்கப் வேண்டாம், முகம் இப்படியே இருக்கட்டும் என்றார் டைரக்டர். வயிறாரச் சோறு போட்டார்கள்.

சில மாதம் கழித்து, தீபாவளி சீசன் என்பதால், சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டும் வேலை கிடைத்தது. படுக்க ஷெட்டும் தந்தார்கள். சிவகாசி அச்சகங்களில் வீணான தாளைத்தான் உருட்டுவோம். ஒருநாள் பிரித்த தாள்கட்டில் அந்தப் படத்தின் சி.டி. உறை. தாள் முழுக்க வரிசையாக என் முகம். கீழே, ‘எந்த ஊரிலும் தங்காதவன்’.

பக்கத்தில் உருட்டிக்கொண்டிருந்த அக்கா அதை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

“ஏலே, இது நீதானலே?”

“படத்துக்கு நடிச்சதுக்கா. துண்டு போட்டுக் கொன்ன அந்த ஆளு செத்து நூறு வருசத்துக்கு மேல ஆச்சு.”

“நடிக்கிறவுக பவுடரு போட்டிருப்பாகல்ல? இது நீ இங்கன இருக்க மாதிரியேல்ல இருக்கு.”

“சோறு போட்டாக, நின்னேன்.”

“சரி, சரி. துண்ட வெளிய வச்சிட்டு வந்து உக்காரு.”

அறையில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் நான் உருட்டும் அறைக்கு யாரும் வரவில்லை. பெண்கள் அடுத்த அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

போர்மேன் வந்தார். “பொம்பளையாளுக பயப்படுதாக. ஒனக்கு ஜாமீன் சொல்ல ஊர்ல யாரும் இருக்காகளா?”

யாரும் இல்லை. எட்டாம் வகுப்போடு கிளம்பியவன். காரியாபட்டியில் பருத்தி எடுத்தேன், தூத்துக்குடியில் உப்பு அள்ளினேன், எங்கேயும் ஒரு மழைக்காலம் தாண்டியதில்லை. தாளில் இருந்த வரி எனக்கும் பொருந்தத்தான் செய்தது.

“அனுப்பிராதீக அண்ணாச்சி. போக எடமில்ல.”

அவர் கடைசியில் தனியாக இருந்த அறையைக் காட்டினார். “வெடிமருந்து கலக்குற ரூம்ல ஒத்தையாளு வேலதான். கூட யாரும் உக்கார வேண்டாம். பழைய ஆளு வெந்துபோயி ஆஸ்பத்திரில கெடக்கான், தெரியும்ல?”

“தெரியும். அந்த வேலயப் பாக்கேன்.”

கந்தகத்தையும் வெடியுப்பையும் அலுமினியப் பொடியையும் கையால் சலித்துக் கலக்க வேண்டும். மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன். மதியத்துக்குள் முகம், கை, இமை எல்லாம் பவுடர் அப்பியதுபோல் வெள்ளி நிறமாகிவிட்டன. தண்ணீர்த் தொட்டிக்கு வந்தபோது அந்த அக்கா தூக்குவாளியோடு வேம்படியில் இருந்தாள். என்னைக் கண்டு எழுந்து போகவில்லை.

“சாப்பிட்டியாலே?” என்று அங்கிருந்தே கேட்டாள்.

தலையாட்டினேன். தண்ணீரை வாயில் மட்டும் ஊற்றிக்கொண்டு, அந்த வெள்ளி முகத்தைக் கழுவாமலே உள்ளே போனேன்.