பள்ளிக்குழுவில் டாக்டர் எழுதிய வரி

தந்தி நீதிமன்றத்துக்கே வந்தது. பாம்பன் டாக்டர் சுந்தரவேலு காலமாகிவிட்டார் என்று ஒரே வரி. படித்ததும் எனக்குத் துக்கம் வரவில்லை. என் மகள் மங்கையைப் பற்றி அவர் எழுதிக் கொடுத்ததை இனி எவராலும் திருத்த முடியாது என்பதே முதலில் தோன்றியது. நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்ட நண்பர்கள் இத்தகைய தொடக்கத்தை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அவரை அறிந்தவர்களே இதைப் படிக்கப் போகிறீர்கள். நீங்கள் அறியாததையும் சொல்லிவிடுவதே முறை.

மங்கைக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு கணக்கை முடிப்பதற்குள் நான்கு முறை எழுந்துவிடுவாள். ராமநாதபுரத்தில் அவள் படித்த பள்ளியில், பாவாடை நுனியை பெஞ்சுக் காலோடு முடிந்து உட்கார வைத்தார்கள். உறவினர்கள் கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். என் பங்குக்கு நான் அடித்தேன். எதுவும் பயன்படாமல் போனபின்தான் ரயிலேற்றிப் பாம்பனுக்கு அழைத்துச் சென்றேன்.

டாக்டர் அவள் நாடியைக்கூடப் பிடிக்கவில்லை. எதிரே கிழிந்த மீன்வலைகளைப் பொத்திக்கொண்டிருந்தவர்களிடம் அவளை அனுப்பிவிட்டு, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே என்னிடம் பேசினார். சிறிது நேரத்தில் வெளியே சத்தம் கேட்டது.

"ஏ பாப்பா, ஊசியக் குடு. எம் பொழப்பக் கெடுக்காத."

"நீங்கதான் தப்பா முடிச்சுப் போடுறீக. அந்த வரிசையில ஒரு கண்ணு விட்டுப் போச்சு, பாருங்க."

வலைக்காரர் குனிந்து பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு எங்கள் அறைவரை வந்தது. அன்று அவள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் அந்த வலையை விட்டு நகரவில்லை.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "வக்கீலய்யா, இவளுக்குக் கவனம் இல்லாம இல்ல. ஏகமா இருக்கு. கூப்பிட்ட எடத்துக்கு வர மாட்டேங்குது, அம்புட்டுதான். அதுக்கு அவள அடிச்சா எப்படி?"

மருந்துச் சீட்டில் மருந்துக்குப் பதிலாக இப்படி எழுதினார்: 'பத்து நிமிடம் பாடம். பிறகு ஒரு வேலை கொடுத்து ஓடவிடவும். மறுபடி பத்து நிமிடம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சொல்லவும். அடிக்கக் கூடாது. குழந்தைக்குப் புத்திக்குறைவு இல்லை.' கீழே கையெழுத்திட்டார். "வெளிநாட்டுல இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு மாத்திரை குடுத்துப் பாக்குறாகளாம், படிச்சேன். நம்மகிட்ட கடியாரந்தான் இருக்கு" என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "இதென்ன காய்ச்சலா, எறங்கிப் போக? அவகூடவே வளரும். நீங்களும் கூடவே நடக்கணும்."

நடந்தேன். ஆறு மாதத்தில் மங்கை வகுத்தல் கணக்குப் போட்டாள். பள்ளியிலோ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழ விடவில்லை, அதனால் வீட்டில் போட்டதை அங்கே போட முடியவில்லை. மற்றப் பிள்ளைகளைக் கெடுக்கிறாள் என்று புகார் எழுந்தது. அவளை நீக்குவதா என்று முடிவு செய்யப் பள்ளிக்குழு கூடியது. டாக்டர் அந்தக் குழுவில் உறுப்பினர். முந்தின நாள் என்னிடம், "நான் இருக்கேன்ல, நீங்க வாயத் தொறக்க வேணாம்" என்று சொல்லியிருந்தார்.

குழுத் தலைவர் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "டாக்டரய்யா, புத்தி நல்லா இருந்தும் உக்கார முடியாத பிள்ளைன்னு வக்கீல் சொல்றாரு. உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல குடும்பத்துல எங்கயாச்சும் அப்படி ஒண்ணு உண்டா?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாத்ததில்ல" என்றார். பிறகு தாளை வாங்கி எழுதினார்: 'மூளை வளர்ச்சி குறைந்தவள். பள்ளிக்கல்விக்குத் தகுதியற்றவள்.'

நாம் அழைத்த சாட்சி பேசும்போது குறுக்கிடக் கூடாது என்ற தொழில் பழக்கம் என்னைக் கட்டிப்போட்டது. அவர் நமக்கே எதிராகத் திரும்பிவிட்ட பிறழ்சாட்சி என்று உணர்ந்தபோது தாளில் மை காய்ந்திருந்தது. மங்கையை நீக்கி, அந்தத் தாளை மாற்றுச் சான்றிதழோடு தைத்தே கொடுத்தார்கள். அதற்குப்பின் இரண்டு பள்ளிகள் அதைப் பார்த்துவிட்டு மங்கையைத் திருப்பி அனுப்பின. டாக்டரின் பழைய மருந்துச் சீட்டைக் காட்டினால், பிந்தி எழுதியதே செல்லும் என்றார்கள். திருத்திக் கொடுங்கள் என்று ஏழு ஆண்டுகளில் எத்தனையோ முறை பாம்பனுக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் காப்பி கொடுத்தார், மங்கை என்ன படிக்கிறாள் என்று அக்கறையோடு விசாரித்தார், "பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார்.

கருமாதிக்கு மங்கையும் வருவேன் என்றாள். அவருக்கு ஒரே மகள் என்றுதான் நாம் அனைவரும் எண்ணியிருந்தோம். அன்று முப்பதை நெருங்கிய ஒருவரைக் கொண்டுவந்து சடங்குக்கு உட்கார வைத்தார்கள். டாக்டரின் மகன். பெயர் குமரேசன். சிறு வயதிலேயே உத்தரகோசமங்கைப் பக்கம் தாய்வழி உறவினர் வீட்டில் விடப்பட்டவர். ஐயர் மந்திரம் தொடங்கியதும் இலையைச் சரிசெய்ய எழுந்தார். உட்கார வைத்தார்கள். கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டதும் அதைப் பார்க்க எழுந்து போனார்.

"ஏலே, ஒங்கய்யாவுக்கு ஒரு நாளு உக்காந்தா கொறஞ்சா போயிருவ?" என்று ஒரு பெரியவர் அதட்டினார்.

"இதுக்குத்தான அவுக இவன அங்கனயே ஒளிச்சு வச்சிருந்தாக" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

பள்ளிக்குழு கூடிய மாதத்தில்தான் டாக்டரின் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது. இப்படி ஒரு மகன் இருப்பது வெளியே தெரிந்தால் அது முறிந்திருக்கும். காரணம் தெரிந்தால் கோபம் தணியும் என்பார்கள். எனக்குக் கூடியது. பார்த்ததில்லை என்று சொன்னவர் தன் வீட்டிலேயே பார்த்தவர்.

மங்கை எழுந்து குமரேசனிடம் போனாள். "அண்ணே, ஐயர்ட்ட கேட்டுட்டேன். பத்து நிமிசம் உக்காருங்க. அப்புறம் கெணத்துல ஒரு கொடம் தண்ணி எடுத்தாங்க. மறுபடி பத்து நிமிசம்." அவர் அவளை வியப்போடு பார்த்தார். உட்கார்ந்தார். ஐந்து குடம் தண்ணீரில் சடங்கு முடிந்தது.

திரும்பும் முன் மங்கை என்னிடம் வந்தாள். "அய்யா, அந்த அண்ணனுக்கு இத யாருமே சொல்லித் தரலையாம். ஒங்க அய்யாகூடவா சொல்லித் தரலன்னு கேட்டேன். அவுக வந்தா அரை மணி நேரம் இருந்துட்டுப் போயிருவாகன்னாரு." பிறகு, டாக்டரின் மருந்துச் சீட்டை நான் எப்போதும் வைத்திருக்கும் சட்டைப்பையைக் காட்டினாள். "அந்தச் சீட்டக் குடுங்க. எனக்குத்தான் மனப்பாடமாத் தெரியுமே."

கொடுத்தேன். டாக்டரை மன்னித்து அல்ல, அவள் கேட்டதால். அந்தச் சீட்டு இப்போது அவர் மகனிடம் இருக்கிறது. டாக்டர் சுந்தரவேலுவின் கையெழுத்தில் என்னிடம் எஞ்சியிருப்பது, மங்கையின் சான்றிதழோடு தைத்த அந்தத் தாள் மட்டுமே.