புலி ரூபாயும் ஓட்டைக் காலணாவும்

முத்துராஜாவுக்குச் சோறு போட்டது கண்டக்டர் வேலை. காசுப் பைத்தியத்தைக் கொடுத்ததும் அதே வேலைதான். கம்பம் பஸ்ஸில் முப்பது வருடம் தோளில் பை மாட்டியவர். பையில் பழைய காசு ஏதாவது விழுந்தால், சொந்தக் காசை உள்ளே போட்டுவிட்டு அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வார்.

"செல்லாத காசுக்கு நல்ல காசு குடுக்குற ஆளு, இந்தத் தேனி ஜில்லாவுலயே நீங்க ஒருத்தருதான்" என்று மனைவி சண்முகத்தாய் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அப்படிச் சிரித்தே முப்பத்து நான்கு வருடம் அவரோடு குடித்தனம் நடத்திவிட்டாள்.

அவளோடு அவர் போட்ட ஒரே பெரிய சண்டையும் காசால் வந்ததுதான். 1947-ஆம் வருடத்து ஒரு ரூபாய். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் புலி. சின்னமனூரில் ஏறிய ஒருவர் டிக்கெட்டுக்கு நீட்டியது. ஆடிக்கொண்டிருந்த கிரைண்டரின் காலுக்குச் சண்முகத்தாய் அதை முட்டுக் கொடுத்து இரண்டு மாதம் மாவாட்டிவிட்டாள். புலியின் முதுகில் கோணலாக ஒரு கீறல் விழுந்துவிட்டது. மனுஷன் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அதற்குப் பிறகும், விருந்தாளிகள் யார் வந்தாலும் அந்தக் கீறலைக் காட்டி அவளைக் குத்திப் பேசுவதை விடவில்லை.

போன வருடம் மாரடைப்பில் அவள் போய்ச் சேர்ந்தாள். நெற்றியில் வைக்க ஒரு ரூபாய் கேட்டார்கள். முத்துராஜா பீரோவைத் திறந்து அந்தப் புலி ரூபாயை எடுத்து வந்து, தன் கையாலேயே குங்குமத்தின் மேல் அழுத்தி வைத்தார். மன்னிப்புக் கேட்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை. கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தார். காசு அவளோடு போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தார். பதினோரு மாதம் அந்த நிம்மதி நீடித்தது.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை பழனிசெட்டிபட்டியில் பழைய காசு சேர்ப்பவர்கள் கூடுவார்கள். இடம், ஜெபஷீலாவின் நோட்டுப் புத்தகக் கடை மாடி. சங்கம் என்று பெரிதாகப் பெயர் வைத்திருந்தார்களே தவிர, இருந்தது நாலே பேர். முத்துராஜா, ஜெபஷீலா, ஜெயமங்கலத்திலிருந்து வரும் பள்ளிக்கூடத்து வாத்தியார் பீட்டர்ராஜ், அல்லிநகரத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குருசாமி. புதிதாகக் கிடைத்த காசை ஆளுக்கொரு டம்ளரால் மூடி வைத்திருக்க வேண்டும். முறை வரும்போது திறக்க வேண்டும். எங்கே கிடைத்தது என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. தனக்குக் காசு கிடைக்கும் இடங்களை அடுத்தவன் தெரிந்துகொள்ளக் கூடாதென்று அந்தச் சட்டத்தைப் போட்டதே முத்துராஜாதான்.

அன்றும் குருசாமி வந்தவுடன் வழக்கம்போல, "அண்ணே, ஆல்பத்தக் குடுங்க" என்று கை நீட்டினார். நேராக ஒன்பதாம் பக்கத்துக்குப் போனார். விக்டோரியா ராணி காலணா ஒன்று அங்கே இருந்தது. ராணியின் கழுத்துக்கருகே கயிறு கோக்கப் போட்ட ஓட்டை. அதை அவர் நாலு வருடமாக மாதம் தவறாமல் பார்க்கிறார். மூன்று முறை விலைக்குக் கேட்டார். கேட்கக் கேட்க அதன் மதிப்பு முத்துராஜா கண்ணில் ஏறிக்கொண்டே போனது. "அத மட்டும் கேக்காத தம்பி" என்று மீசையைத் தடவிக்கொள்வார். அடுத்தவன் ஏங்குவதில் அப்படியொரு சுகம் அவருக்கு.

டீ வந்தது. முதல் முறை பீட்டர்ராஜுடையது. அவர் டம்ளரைத் தூக்கினார்.

புலி. முதுகில் கோணலாக ஒரு கீறல்.

முத்துராஜாவுக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. அட, நம்ம காசு மாதிரியே இருக்கே என்றுதான் தோன்றியது. கையில் எடுத்தார். கட்டைவிரல் பழக்கத்தில் தானாகவே அந்தக் கீறலில் போய் உட்கார்ந்தது. அதே கீறல். கிளாஸ் கவிழ்ந்து டீ மேசையெல்லாம் ஓடியது.

"எங்கன... எங்கன கெடச்சுச்சு சார் இது?"

தான் போட்ட சட்டத்தைத் தானே மீறியது அவருக்குத் தெரியவேயில்லை. பீட்டர்ராஜ் தயங்கினார்.

"மயானத்துல வேலை பாக்குற வீரபாண்டி இருக்காருல்ல, அவரு அப்பப்ப பழைய காசு குடுப்பாரு. ஏது என்னன்னு ஒருதடவ கேட்டேன். 'நம்ம தொழில்ல வர்றதுதான் சார்'ன்னாரு. அதுக்கு மேல நான் கேக்கல. ஏண்ணே, என்னாச்சு?"

"இது எம் பொண்டாட்டி நெத்தியில நான் வச்ச காசு!"

ஜெபஷீலா வாயைப் பொத்திக்கொண்டாள். பீட்டர்ராஜ் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணே. எங்க ஆளுகளுக்குக் கையில செபமாலையக் கோத்து அடக்கம் பண்றதோட சரி. நெத்தியில காசு வைக்கிறது, எடுக்கிறதெல்லாம்..."

"நெருப்போட போச்சுன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்! பொணத்து மேல இருக்கறத எடுத்து விப்பானா ஒருத்தன்? அவன நான் சும்மா விடமாட்டேன்!"  அறுபத்தோரு வயதில், மூன்று பேர் முன்னால், முத்துராஜா வாய்விட்டு அழுதார்.

"வீரபாண்டிய வையாதீகண்ணே" என்றார் குருசாமி மெதுவாக. "கொள்ளி வச்சப்புறம், தீ நல்லாப் பிடிக்கிறதுக்கு முன்னாடி நெத்திக்காசு அவருக்குன்னு எடுத்துக்கிறது வழக்கம். அவரு பாத்தியம் அது. நம்ம திரும்பிப் பாக்காம வந்துர்றோம், அதனால தெரியறதில்ல. எனக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு."

"ஒனக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?"

குருசாமி ஆல்பத்தை அவர் பக்கமாகத் திருப்பினார். ஒன்பதாம் பக்கம் திறந்தே இருந்தது.

"இது எங்கம்மா அக்கம்மாளோட காசு. சின்னப்புள்ளையில கழுத்துல கட்டியிருந்தாகளாம். போகும்போது நெத்தியில வைக்கணும்னு சொல்லி வச்சிருந்தாக. நான்தான் வச்சேன். அவுக போன ஆறாம் மாசம் அது ஒங்க ஆல்பத்துல இருந்துச்சு."

பீட்டர்ராஜிடம் இரண்டு ஓரணாக் கொடுத்து அந்தக் காலணாவை மாற்றிக்கொண்டது முத்துராஜாவுக்கு நினைவு வந்தது. அன்று அவரை ஏமாற்றிவிட்டதாகச் சந்தோஷப்பட்டு, வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனவர்.

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்லப்பா!"

"பொணத்துக் காசுன்னு தெரிஞ்சா நீங்க அருவருத்துக் கெடாசிட்டீகன்னா? விலைக்குக் கேட்டுப் பாத்தேன், தரல. இங்கனயாச்சும் பத்திரமா இருக்கட்டும், மாசத்துக்கு ஒருக்காப் பாத்துக்கிருவோம்னு இருந்துட்டேன்."

முத்துராஜாவுக்கு வெட்கத்தில் காது எரிந்தது. காலணா பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிப்போயிருந்தது. ஜெபஷீலா கத்தரிக்கோலால் உறையை வெட்டிக் கொடுத்தாள். குருசாமி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பீட்டர்ராஜ் புலி ரூபாயை இரண்டு கையாலும் எடுத்து முத்துராஜாவின் சட்டைப்பையில் போட்டார்.

கூட்டம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் முத்துராஜா எழுந்திருக்கவில்லை. ஆல்பத்தை முதலிலிருந்து புரட்டத் தொடங்கினார். யாரிடம் வாங்கியது என்று ஒவ்வொரு காசுக்கும் கீழே பென்சிலால் குறித்து வைப்பது அவர் பழக்கம். பீட்டர்ராஜ் சார், பீட்டர்ராஜ் சார் என்று விரல் வைத்துக்கொண்டே போனார். கடைசிப் பக்கம் வந்தபோது கணக்கு இருபதில் நின்றது.

"சார், இன்னும் இருபது இருக்கு" என்றார். "யாரு யாரு நெத்தியில இருந்துச்சுன்னு வீரபாண்டிக்கு ஞாபகம் இருக்குமா?"