கிளிக்குத் தெரியாத கடவுச்சொல்

அந்த அலுவலகத்துக் கணினிகளைக் கட்டி மேய்ப்பவருக்கு சிஸ்டம்காரர் என்ற பெயரே நிலைத்துவிட்டது. வீட்டில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பார். அவர் மனைவிக்கு அதே அலுவலகத்தில் பில் பிரிவில் வேலை. இருவரும் ஒரே பஸ்ஸில் வருவார்கள், ஒரே பஸ்ஸில் போவார்கள். நடுவில் பேச்சு மூச்சு இருக்காது.

அவர் செல்லமாக வளர்த்தது ஒன்று உண்டு. அலுவலகச் சாட் குழுவில் கேட்டதற்குத் தானாகப் பதில் சொல்லும் பாட் என்ற நிரல் அது, பெயர் கிளி. கணினியில் கடவுச்சொற்களை அப்படியே சேமிப்பதில்லை. அரைத்து, ஹாஷ் என்ற எழுத்துக் குப்பையாக்கித்தான் வைப்பார்கள். அரைத்த மாவைத் திரும்பத் தானியமாக்க முடியாது. ஆனால் எந்தத் தானியத்துக்கு எந்த மாவு என்று இணையத்தில் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். கிளி அங்கே போய்த் தேடும். உலகத்தில் வேறு யாராவது அதே சொல்லை வைத்து ஏற்கெனவே மாட்டியிருந்தால், டக்கென்று சொல்லிவிடும்.

மேலாளர் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாரோடதையும் போட்டுப் பாருங்க. பதில் பொதுக் குழுவிலேயே விழட்டும். நாலு பேர் பாத்தாத்தான் புத்தி வரும்."

வேண்டாம் என்று சொல்ல சிஸ்டம்காரருக்கு வாய் வரவில்லை. உள்ளூர ஒரு நப்பாசை. தன் கிளியின் சமர்த்தை எல்லோரும் பார்க்கட்டுமே! எங்கிருந்து கேட்டாலும் பதில் பொதுக் குழுவுக்கே போகும்படி அவரே மாற்றி எழுதினார்.

காசாளருக்கு ஒரு நடிகை பெயர். டிரைவருக்கு ஒன்றிலிருந்து எட்டு வரை. சிரித்து வயிறு புண்ணானது. அடுத்து சிஸ்டம்காரர் மனைவியின் பெயர் விழுந்தது. பக்கத்தில், ஆங்கில எழுத்தில், 'எனக்கு யாருமில்லை'.

அப்புறம் ஒருவரும் சிரிக்கவில்லை.

"மாத்திட்டேன்," என்றாள் அவள், வீட்டுக்கு வந்ததும். "இனிமே என்னோடதைத் தேடாதீங்க."

"சத்தியமா தேட மாட்டேன்."

ஏன் அப்படி வைத்தாய் என்ற கேள்வி தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டுப் படுக்கப் போனார். இந்த மாதிரி மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது!

மறுநாள் மதியம் மனசு கேட்கவில்லை. புதுச்சொல் என்னவாக இருக்கும்? ஒருவேளை தன் பெயரோ? மனைவியின் புது ஹாஷை எடுத்துத் தன்னுடைய தனிச் சாட்டில் ஒட்டினார். தனியாகத்தானே கேட்கிறோம் என்ற தைரியம். தான் எழுதியதைத் தானே மறந்திருந்தார்.

அறையில் எல்லோருடைய போன்களும் ஒன்றாகச் சிணுங்கின. பொதுக் குழுவில் மனைவியின் பெயர், பக்கத்தில் 'கிடைக்கவில்லை'.

"கிளிக்கே வாயடைச்சுப் போச்சு சார்!" என்றார் காசாளர்.

பில் பிரிவிலிருந்து அவள் எழுந்து வந்து அவர் மேசை முன்னால் நின்றாள். அலுவலகமே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கும் சரி, இன்னைக்கும் சரி, என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே," என்றாள்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அவள் இல்லை. எங்கே போனாள் என்று விசாரிக்க, அந்த அலுவலகத்தில் அவருக்கு யாருமில்லை.