கரையில் ஓட்டிய எஞ்சின்

தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் பம்புக்குள் இருக்கும் ரப்பர் சக்கரம் கருகிவிடும். இம்பெல்லர் என்போம். கடல் தண்ணீரை இழுத்து எஞ்சினைக் குளிர வைப்பது அதுதான். காசிமேட்டில் இத்தனை வருடம் மீன்பிடிப் போட்டு டிரைவராக இருக்கிற எனக்கு இது தெரியாதா? தெரிந்துதான் செய்தேன்.

மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிற நேரம். போட்டைக் கரையேற்றிப் பெயின்ட் அடித்திருந்தோம். மந்திரிக்க ஃபாதர் வந்தார். அவர் தீர்த்தம் தெளிக்கும்போது என் மகள், "அப்பா, ஸ்டார்ட் பண்ணுப்பா!" என்று கத்தினாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கிழட்டு எஞ்சின் ஒரே அடியில் எழுந்துகொண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஃபாதரின் செபமோ நீளமான செபம். அது முடிகிறவரை நான் அணைக்கவே இல்லை.

கடலில் இறங்கிய பிறகு, நாள்கணக்கில் கடலிலேயே தங்கிப் பிடிக்கிற முதல் தங்கல் ஒழுங்காகப் போனது. இரண்டாவது தங்கல் முடிந்து சனிக்கிழமை மதியம் திரும்பிக்கொண்டிருந்தோம். அன்று சாயங்காலம் மகள் ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் முதல் பாவசங்கீர்த்தனம், மறுநாள் காலைப் பூசையில் முதல்முறையாக நற்கருணை வாங்கும் புது நன்மை. மெழுகுவர்த்தியோடு அவள் பக்கத்தில் நடந்து வருவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். எண்ணூர் புகைபோக்கிகள் கண்ணுக்குத் தெரிந்தன.

"இன்னா டிரைவரே, சைடுல தண்ணி கொட்லியே?" என்றான் கூட இருந்தவன். எஞ்சினைச் சுற்றி வந்த தண்ணீர் அங்கேதான் வெளியே கொட்டும்.

எஞ்சினை அணைத்துவிட்டு, சூடு ஆறும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் பம்பைத் திறந்தேன். விரல் பொசுங்கியது. இம்பெல்லரின் ஆறு இறக்கையில் இரண்டைக் காணோம். ஒடிந்த துண்டுகள் தண்ணீரோடு போய்க் குழாயில் எங்காவது அடைத்துக்கொள்ளும். அவற்றைத் தேடி எடுத்த பிறகுதான் புதிதைப் போடவேண்டும். ஒன்று குழாய் வாயிலேயே கிடைத்தது. இன்னொன்று கிடைக்கவில்லை. அதைத் தேட, குழாய் போய்ச் சேரும் கூலரைக் கழற்ற வேண்டும், அதன் போல்ட்டெல்லாம் துரு. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. கைவசம் இருந்த புது இம்பெல்லரில் சோப்பைத் தடவி, இறக்கைகளை மடக்கித் திணித்து, மூடியைப் பூட்டிவிட்டேன்.

தண்ணீர் பீய்ச்சி அடித்தது. "டிரைவர்னா டிரைவர்தான் பா!" என்றான் அதே ஆள். அரை மணி நேரம் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மறுபடி மேலே ஏறிவிட்டது.

இந்த முறை வேறு வழியில்லை. கூலரில் கை வைத்தேன். இரண்டாவது போல்ட்டின் தலை முறிந்து ஸ்பானரோடு வந்தது. இனி கரைக்குப் போனால்தான் எதுவும் செய்ய முடியும். நங்கூரம் போட்டோம். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால், கடலில் வலை விட்டிருந்த ஒருவர் காலையில் திரும்பும்போது கட்டி இழுத்துப் போவதாகச் சொன்னார். வலையை விட்டுவிட்டு வா என்று எந்த வாயால் சொல்வது?

போனில் சிக்னல் இருந்தது. இல்லாமலே இருந்திருக்கலாம்.

"எப்புடிய்யா கெட்டுது? இப்பத்தான எல்லாம் பாத்த?" என்றாள் மனைவி.

"உம்பொண்ணுதான் கரையில ஸ்டார்ட் பண்ணு, ஸ்டார்ட் பண்ணுன்னு கத்துனா. அதான் கெட்டுச்சு" என்று எரிந்து விழுந்தேன்.

"ஸ்பீக்கர்ல கீது" என்று மெதுவாகச் சொன்னாள். "கோயிலுக்குக் கெளம்பிட்டோம்" என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எத்தனை முறை அடித்தும் எடுக்கவில்லை. கோயிலுக்குள் இருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் பூசை தொடங்குகிற நேரத்துக்குத்தான் அந்தப் போட்டு வந்தது. கயிற்றில் கட்டி இழுத்தால் நடைவேகம்கூட இருக்காது. முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. எனக்கு அழுகையாக வந்தது.

துறைமுகம் சேரும்போது மதியம் ஆகிவிட்டது. மகள் அம்மாவோடு நின்றிருந்தாள், வெள்ளை கவுனோடு. அழுதிருப்பாள் என்று நினைத்தேன். முகம் தெளிவாக இருந்தது.

"நேத்தே ஃபாதர் கைல சொல்ட்டேம்பா" என்றாள். "எஞ்சின் என்னாலதான் கெட்டுப்பூட்சுன்னு. மூணு 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொன்னாரு. சொல்ட்டேன்."

"இல்லடா கண்ணு, அது நான் பண்ணுன..." என்று ஆரம்பித்தேன்.

"வுடுப்பா" என்றாள். "அதான் மன்னிச்சிட்டாங்களே."